ஒன்பது, இருபத்திரண்டைவிடப் பெரிது

ஹீயுமா தீவுக்கும் கரைக்கும் நடுவே
கடல் இருபத்திரண்டு சென்டிமீட்டர் உறைந்தால்
கப்பல் போகிற வழியில் கார் போகலாம்.
இறங்குமிடத்தில் ஒரு பலகை:
சீட் பெல்ட்டைக் கழற்றுங்கள்.
உடைந்தால் குதிக்க வேண்டுமே, அதற்காக.

பலகைக்கு மேலே எரியும் விளக்கு என்னுடையது.
சிவப்பா பச்சையா என்று சொல்வது
ஹாப்சாலுவில், சைக்கிள் கடை மாடியில்
நான் எழுதி வைத்த நாற்பது வரி ஜாவாஸ்கிரிப்ட்.

ஆர்வெட் விடியுமுன் பனிமேல் நடப்பான்.
துளை போடுவான், கொக்கி வைத்த கோலை விட்டு அளப்பான்,
கையுறையைப் பல்லால் உருவிப்
போனில் ஓர் எண்ணைத் தட்டுவான்.
அது சர்வருக்குப் போய்
நெளிந்த அடைப்புக்குறிகளுக்குள் அடங்கி
என்னிடம் வந்து சேரும்:
இடம். நேரம். தடிமன்.
பெயருக்குப் பக்கத்தில் இரண்டு புள்ளி,
புள்ளிக்கு அப்பால் ஒரு மதிப்பு.
பிரிப்பேன், எடுப்பேன், ஒப்பிடுவேன்.
மூன்று குளிர்காலம் இப்படியே ஓடியது.

நாலாவது ஜனவரியில்
யாரோ போன் செயலியைப் புதுப்பித்தார்கள்.
எனக்குச் சொல்லவில்லை.
செவ்வாய்க்கிழமை வந்த ஒன்பதின் இருபுறமும்
கொசுக்கால் போல மேற்கோள் குறிகள்.

எண்ணாக வந்துகொண்டிருந்தது
எழுத்தாக வந்தது.
என் இருபத்திரண்டோ
அமைப்புக் கோப்பில் முதல் நாளிலிருந்தே எழுத்துதான்.
எதிரே எண் நின்றவரை
தானும் எண் போல நடித்துக்கொண்டிருந்தது.
எழுத்தும் எழுத்தும் எதிர்ப்பட்டால்
அப்புறம் அகராதி முறை:
முதல் எழுத்தைப் பார்.
இங்கே ஒன்பது, அங்கே இரண்டு.
ஒன்பது பெரிது. மிச்சத்தைப் படிக்கவே வேண்டாம்.

பிழை என்று எதுவும் கத்தவில்லை.
ஒரு மஞ்சள் எச்சரிக்கைகூட இல்லை.
ஐந்து பத்துக்குப் பச்சை எரிந்தது.

ரொட்டி வண்டி ஹெல்வே
இரண்டு வாரமாய் அந்தப் பச்சைக்குக் காத்திருந்தவள்.
பெல்ட்டைக் கழற்றினாள், கண்ணாடியை இறக்கினாள்,
சொன்னபடியே எல்லாம் செய்தாள்.
முன்சக்கரம் இரண்டும் பனியில் இறங்கிய பிறகுதான்
தூரத்தில் ஒரு விளக்கு
இடமும் வலமும் வெட்டுவதைப் பார்த்தாள்.
ஆர்வெட். ஒன்பது சென்டிமீட்டர் மேல்
மனிதன் ஓடலாம்.
அவன் ஓடிவந்தான்.

பின்சக்கரம் மண்ணைப் பிடித்து இழுத்தபோது
பனி ஒரு நீண்ட ஓசை எழுப்பியதாம்,
துணி கிழிகிற மாதிரி.

என்னைக் கூப்பிட்டாள். திட்டவில்லை.
"உனக்கு எண்ணத் தெரியாதா?" என்று மட்டும்.

ஒரே சொல்லில் சரிசெய்துவிடலாம்,
வருவதை எண்ணாக்கு என்று.
செய்தேன். பிறகு நம்பிக்கை வரவில்லை.
வெற்று மேற்கோளைக் கொடுத்தேன்: பூஜ்யம் என்றது.
நல்லைக் கொடுத்தேன்: அதற்கும் பூஜ்யம்.

பூஜ்யம் என்றால் திறந்த தண்ணீர்,
ஒருவன் போய்ப் பார்த்துவிட்டான்.
நல் என்றால் யாரும் பார்க்கவில்லை.
அல்லது பார்க்கப் போனவன்
இன்னும் சொல்லவில்லை.
விளக்குக்கு இரண்டும் சிவப்பு.
எனக்கு இனிமேல் இரண்டும் ஒன்றல்ல.
அதற்குத் தனியாக ஏழு வரி எழுதினேன்.
விளக்கு அல்ல, என் போன் அடிக்கும்படி.

வியாழக்கிழமை ஐந்து இருபதுக்கு அடித்தது.
தடிமன்: நல்.

ஆர்வெட்டைக் கூப்பிட்டேன்.
ஒன்பதாவது மணிக்கு எடுத்தான்.
"கோல் துளையில் உறைந்து மாட்டிக்கொண்டது,
கொஞ்சம் பொறு."
போனைப் பனியில் வைத்த சத்தம்.
அப்புறம் காற்று. எங்கோ ஓர் உளி.
காற்றைப் போட்டுவைக்க
என் கோப்பில் இடமில்லை.
கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

"பதினொன்று" என்றான் கடைசியில், மூச்சு வாங்க.
"சொல்லு, பதினொன்றா?"
"பதினொன்று. ஒன்று, ஒன்று. ஹெல்வேயிடம் சொல்,
வண்டி கப்பலிலேயே போகட்டும்."